பிள்ளை பெற்றவங்களுக்கு சுறா புட்டு கொடுக்கலாமா? மீனில் இருக்கும் பாதரசம் யாருக்கு ஆபத்து? முழு விவரம்!

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு சுறா புட்டு செய்து கொடுப்பது தமிழகத்தின் கடலோர மாவட்டங்களில் பல தலைமுறையாக இருக்கும் பழக்கம். பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு, மீனை வேகவைத்து உதிர்த்து, எண்ணெயில் பிரட்டி எடுத்துக் கொடுத்தால் "பால் நல்லா ஊறும்" என்பார்கள். மீன் மார்க்கெட்டில் அதற்கென்றே 'பால் சுறா' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள்.

அதே சுறாவை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. காரணம், பாதரசம்.

பாட்டி சொல்வதைக் கேட்பதா, எஃப்.டி.ஏ சொல்வதைக் கேட்பதா? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எந்த மீன், எவ்வளவு பெரிய மீன், யார் சாப்பிடுகிறார்கள், வாரத்துக்கு எத்தனை முறை என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

கடலுக்குள் பாதரசம் எப்படி வந்தது?

பாதரசம் பூமியில் இயற்கையாகவே இருக்கும் உலோகம். எரிமலை வெடித்தாலும் வெளியே வரும். ஆனால் இப்போது காற்றில் கலப்பதில் பெரும்பங்கு மனிதர்கள் செய்யும் வேலைதான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2015-ம் ஆண்டில் மட்டும் மனித நடவடிக்கைகளால் சுமார் 2,220 டன் பாதரசம் காற்றில் கலந்திருக்கிறது. இதில் முதலிடம் சிறிய அளவில் நடக்கும் தங்கச் சுரங்கங்களுக்கு. மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அங்கே பாதரசத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடுத்த இடம் நிலக்கரி எரிப்பதற்கு. நிலக்கரியில் மிகச்சிறிய அளவில் இருக்கும் பாதரசம், அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியாக ஆவியாக வெளியேறி, கண்டம் தாண்டிப் போய் மழையோடு கடலில் இறங்குகிறது. அதனால், பக்கத்தில் ஒரு தொழிற்சாலைகூட இல்லாத நடுக்கடலில் பிடித்த மீனிலும் பாதரசம் இருக்கும்.

ஆனால் இந்தப் பாதரசம் அப்படியே மீனின் உடம்பில் ஏறிவிடுவதில்லை. ஆக்சிஜன் குறைவான சேற்றிலும் நீரிலும் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை 'மீத்தைல் மெர்குரி' என்ற வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. இதுதான் வில்லன். பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் உருண்டோடுமே, அந்தப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. மீத்தைல் மெர்குரியையோ 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிக்கொள்ளும்.

சின்ன மீனில் கம்மி, பெரிய மீனில் அதிகம்... ஏன்?

கடலில் மிதக்கும் நுண்பாசி மீத்தைல் மெர்குரியைத் துளியளவு எடுத்துக்கொள்ளும். பாசியைச் சாப்பிடும் மத்தியின் உடம்பில் அது கொஞ்சம் சேரும். ஆயிரக்கணக்கில் மத்தி சாப்பிடும் சூரை மீனில் இன்னும் சேரும். சூரையையே வேட்டையாடும் சுறாவுக்கு இத்தனை பேர் சேர்த்த சொத்தும் மொத்தமாகப் போய்ச்சேரும். உள்ளே வந்தது சீக்கிரம் வெளியேறாது என்பதால், மீனுக்கு வயசு ஏற ஏற அளவும் ஏறும். கடைசியில் சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைவிடப் பெரிய வேட்டை மீனின் சதையில் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் இருக்கும்.

எஃப்.டி.ஏ பல ஆண்டுகளாக எடுத்த மாதிரிகளின் சராசரியைப் பார்த்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு கிலோ மத்தியில் 0.013 மில்லிகிராம் பாதரசம். நெத்திலியில் 0.016. இறாலில் அதைவிடக் குறைவு, 0.009. கணவாயில் 0.024. சுறாவிலோ 0.98 மில்லிகிராம். அதாவது மத்தியைப்போல் 75 மடங்கு.

இவை அமெரிக்கச் சந்தைக்கு வந்த மீன்களின் கணக்கு. நம்ம காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் இறங்கும் மீனில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் மாறலாம். சின்னது கம்மி, வேட்டையாடும் பெரியது அதிகம் என்ற வரிசை மட்டும் எந்தக் கடலிலும் மாறாது.

வஞ்சிரம் பிரியர்களுக்கு ஒரு விளக்கம். எஃப்.டி.ஏ தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் 'கிங் மேக்கரல்' இருப்பதைப் பார்த்துவிட்டு, 'வஞ்சிரம் சாப்பிடக்கூடாதாம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அவ்வப்போது சுற்றும். அது அட்லாண்டிக் பகுதியில் வாழும் இனம். நம்ம வஞ்சிரம் அதற்கு நெருங்கிய சொந்தம்தான், ஆனால் அதே மீன் இல்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே தூக்கி இதன் தலையில் வைக்க முடியாது. ஆனால் வஞ்சிரமும் வேட்டை மீன்தான். ஒரு கிலோ சைஸ் குட்டி வஞ்சிரத்துக்கும், துண்டு துண்டாக வெட்டி விற்கும் பத்து கிலோ வஞ்சிரத்துக்கும் வித்தியாசம் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சென்னையில் 'ஷீலா' என்றால் நீளமான, பல் கூர்மையான வேறொரு மீன். தென்மாவட்டங்களில் 'சீலா' என்றால் வஞ்சிரம். பட்டியலைப் பார்த்து மீன் வாங்குபவர்கள் எந்த ஊர்ப் பெயர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மினமாட்டாவில் என்ன நடந்தது?

மீனில் இருக்கும் பாதரசம் மனிதரை என்ன செய்யும் என்று உலகத்துக்குத் தெரிய வந்தது ஜப்பானின் மினமாட்டா என்ற கடலோர ஊரில்தான். அங்கே 'சிசோ' என்ற ரசாயன நிறுவனம் 1932-ல் இருந்து 1968 வரை பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் பாதிக்கப்பட்டவை பூனைகள். மீன் தின்ற பூனைகள் நடுங்கி, சுழன்று, ஆடுவதுபோல் தடுமாறிச் செத்தன. பிறகு மீனவக் குடும்பங்களில் கை விரல் மரத்துப்போவது, பார்வை சுருங்குவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது என்று ஆரம்பித்தது.

1956 மே 1-ம் தேதி, அந்த நிறுவனத்தின் சொந்த மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் ஹோசோகவா ஹாஜிமேதான் இதை 'காரணம் தெரியாத நரம்பு நோய்' என்று அரசுக்குத் தெரிவித்தார். 1959-ல் அவரே தொழிற்சாலைக் கழிவை ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய் வந்தது. அந்த முடிவை நிறுவனம் வெளியே விடவில்லை. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். நோய் பதிவாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து! 2001 வரையிலான கணக்குப்படி, அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட நோயாளிகள் மட்டும் 2,265 பேர்.

அங்கே தெரியவந்த விஷயங்களிலேயே கொடுமையானது குழந்தைகள் பற்றியது. நஞ்சுக்கொடி நஞ்சை வடிகட்டிக் குழந்தையைக் காப்பாற்றிவிடும் என்றுதான் அதுவரை மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். மினமாட்டாவில் தாய்க்கு லேசான அறிகுறிதான், சிலருக்கு அதுவும் இல்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கோ மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது. மீத்தைல் மெர்குரி நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. இன்று பல நாடுகளும் கர்ப்பிணிகளைத் தனியாகக் குறிப்பிட்டு எச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த ஊரின் பெயரிலேயே பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2013-ல் உருவானது. இந்தியா 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. பாதரசம் தமிழகத்துக்கும் புதிதல்ல. கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது நினைவிருக்கலாம்.

அப்போ நாம சாப்பிடுற அளவு ஆபத்தா?

மினமாட்டாவில் நடந்தது ஆலைக் கழிவு நேரடியாகக் கொட்டிய ஒரு சிறிய விரிகுடாவில், தினமும் அந்த மீனையே சாப்பிட்டவர்களுக்கு. சாதாரணமாக மார்க்கெட்டில் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அந்த நோய் வந்துவிடும் என்று பயமுறுத்துவது தப்பு. இப்போது விஞ்ஞானிகளின் கவலை வேறு. வெளியே தெரியாத அளவில், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கொஞ்சம் பாதிக்குமா என்பதுதான்.

இதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் பைலட் திமிங்கல இறைச்சி சாப்பிடும் வழக்கம் உண்டு. அங்கே 1986-87-ல் பிறந்த குழந்தைகளை ஏழு வயதில் சோதித்தபோது மொழித்திறன், கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் சிறிய பின்னடைவு தெரிந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் செஷல்ஸ் தீவிலோ தாய்மார்கள் வாரத்துக்கு சுமார் 12 வேளை மீன் சாப்பிடுகிறவர்கள். அங்கே அப்படித் தெளிவான பாதிப்பு எதுவும் கிடைக்கவில்லை. மீனில் இருக்கும் ஒமேகா-3 போன்ற சத்துகள் பாதரசத்தின் பாதிப்பை ஈடுகட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இரண்டு ஆய்வுகளையும் வைத்துத்தான் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2003-ல் ஒரு வரம்பு சொன்னது. வாரத்துக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் மெர்குரி. கருவைப் பாதுகாக்கப் போடப்பட்ட வரம்பு இது.

60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். கணக்குப்படி மத்தி என்றால் வாரத்துக்கு ஏழு கிலோ சாப்பிட்டாலும் வரம்பைத் தொடாது. யாரும் சாப்பிடப் போவதில்லை! கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் பாதரசம் இருக்கும் மீன் என்றால் 190 கிராம், அதாவது இரண்டு துண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011 விதிகளில் மீனுக்கு வைத்த உச்சவரம்பும் இந்த 0.5 தான். சட்டப்படி சரியான மீனாக இருந்தாலும், தினமும் சாப்பிட்டால் கர்ப்பிணிக்கு அளவு தாண்டிவிடும்.

குழந்தைகளுக்கு இன்னும் சிக்கல். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 24 மைக்ரோகிராம்தான். அதே 0.5 மீனில் இது 48 கிராம், பாதித் துண்டு. 'முள் இருக்காது, குழந்தைக்கு ஈஸி' என்று பெரிய மீன் துண்டாகவே ஊட்டும் வீடுகள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

சரி, சுறா புட்டு?

சுறா மெதுவாக வளரும், நீண்ட காலம் வாழும், வேட்டையாடும். பாதரசம் சேர மூன்றும் தோது. உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2018-ல் சுறாவுக்கு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மீத்தைல் மெர்குரி வரை அனுமதித்தது. சுறா பாதுகாப்பானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதில் இயல்பாகவே அவ்வளவு இருக்கும் என்பதால் வைத்த வரம்பு.

பால் சுறா சின்ன இனம். பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளத்துக்குள்தான் பிடிபடும். அதனால் ஆழ்கடலில் பிடிக்கும் பெரிய சுறாவைவிட பாதரசம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிறிய சைஸ் சுறா எது வந்தாலும் 'பால் சுறா' என்று விற்பதும், வேறு பெரிய சுறாவின் துண்டை அதே பெயரில் கொடுப்பதும் மார்க்கெட்டில் நடப்பதுதான். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

பாலூட்டும் காலம் கர்ப்ப காலம் அளவுக்கு ஆபத்தானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீத்தைல் மெர்குரி பெரும்பாலும் ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்வதால், தாய்ப்பாலில் கலப்பது நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிட மிகக் குறைவு. அதனால்தான் நாடுகளுக்குள்ளேயே கருத்து வேறுபடுகிறது. அமெரிக்கா பாலூட்டும் பெண்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் குழந்தைகளும் சாப்பிடவே கூடாது, பாலூட்டும் தாய்மார்கள் வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்கிறது.

ஆக, குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் சாப்பிட்ட சுறா புட்டால் எதுவும் ஆகிவிடாது. பிரச்சினை, 'பால் ஊறணும்' என்று தினமும் கொடுப்பதில்தான். அமெரிக்கச் சராசரியையே வைத்துப் பார்த்தால், தினம் 100 கிராம் வீதம் ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட 690 மைக்ரோகிராம். 60 கிலோ பெண்ணுக்கான வரம்பைப்போல் ஏழு மடங்கு. பால் சுறாவில் இதில் பாதி இருந்தாலும் மூன்று மடங்குக்கு மேல்.

பால் சுரப்பைத் தீர்மானிப்பது முக்கியமாக, குழந்தை எத்தனை முறை, எவ்வளவு நன்றாகச் சப்பிக் குடிக்கிறது என்பதுதான். தாய்க்குத் தேவையான புரதம் மத்தியிலும் நெத்திலியிலும் கிடைக்கும். அதே பூண்டு, அதே மிளகு போட்டு மத்தியைப் புட்டாகச் செய்ய முள் எடுக்கும் பொறுமை மட்டும் வேண்டும். பாதரச அபாயத்துக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

கழுவினால், பொரித்தால் போகாதா?

போகாது. மீத்தைல் மெர்குரி சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கும். கொழுப்பில் இருந்தால் தோலை உரித்து எடுத்துவிடலாம், இது அப்படி இல்லை. மஞ்சள் போட்டு ஊறவைத்தாலும், புளி கரைத்துக் குழம்பு வைத்தாலும் அப்படியே இருக்கும். பொரிக்கும்போது தண்ணீர் வற்றுவதால் ஒரு கிராமுக்கான அளவு கொஞ்சம் கூடவே செய்யும். கருவாட்டுக்கும் இதே கதைதான். நல்லவேளையாக, கருவாட்டை மீன் அளவுக்கு யாரும் அள்ளிச் சாப்பிடுவதில்லை.

நண்டு, கணவாய் விஷயம் வேற!

அங்கே கவனிக்க வேண்டியது காட்மியம். இது சதையில் அதிகம் சேராது, ஈரல் போன்ற உள் உறுப்புகளில்தான் குவியும். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள்-பழுப்பு நிறப் பகுதி, கணவாயின் குடல்பை ஆகியவை இதற்கான இடங்கள். மனித உடம்பில் காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பத்து முதல் முப்பது வருஷம் வரை வெளியேறாது. இந்தியாவிலிருந்து போன கணவாய் சரக்குகள் காட்மியம் அதிகம் என்று ஐரோப்பாவில் சிக்கியதுண்டு. அங்கே குடல் நீக்கிய கணவாய்க்கு வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

இதற்கு வீட்டிலேயே தீர்வு இருக்கிறது. கணவாயைக் குடல், மைப்பை எல்லாம் எடுத்துச் சுத்தமாக்கிச் சமைப்பதும், நண்டின் மஞ்சளை வாரம் தவறாமல் ரசித்துச் சாப்பிடாமல் இருப்பதும் போதும். 'நண்டுல டேஸ்டே அதுலதான்' என்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆர்சனிக் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. ஆய்வக அறிக்கையில் கடல் உணவின் 'மொத்த ஆர்சனிக்' எண் பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற, உடம்பில் தங்காமல் சிறுநீரில் போய்விடும் வடிவம்.

ஈயத்துக்கு அப்படிச் சலுகை இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று 2010-ல் அதே சர்வதேச நிபுணர் குழு பழைய வரம்பையே திரும்பப் பெற்றது. சிப்பி, மட்டி வகைகள் மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டி உண்பவை என்பதால், அந்த நீரில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் அவற்றிலும் சேரும். இதனாலேயே சிப்பியை வைத்துக் கடற்கரை மாசைக் கண்காணிக்கும் திட்டங்கள் பல நாடுகளில் உண்டு.

இங்கே இடம் முக்கியம். உதாரணமாக, சென்னைக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரம். அனல்மின் நிலையச் சாம்பல் கொண்டுபோகும் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்த பிரச்சினை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்தது. நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் உண்டு. சேற்றிலேயே வாழும் மட்டி, நண்டு, இறால் போன்றவற்றுக்குத்தான் இதில் முதல் அடி. இதில் பெரிய இழப்பு நகரத்தில் வாரம் ஒருமுறை மீன் வாங்குகிறவருக்கு இல்லை, தினமும் அந்த ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்து, விற்றது போக மிச்சத்தை வீட்டில் சமைக்கும் குடும்பங்களுக்கு. ஏற்றுமதிக்குப் போகும் மீன் சோதிக்கப்படுவதைப்போல், அவர்கள் தட்டுக்குப் போகும் மீனை யாரும் தினமும் சோதிப்பதில்லை.

அப்போ மீனையே நிறுத்திடலாமா?

அதுவும் தப்பு. 2001-ல் அமெரிக்கா கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை விடுத்தபோது, மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கர்ப்பிணிகள் மீன் சாப்பிடுவதையே குறைத்துவிட்டார்கள். குழந்தையின் மூளைக்குத் தேவையான டி.எச்.ஏ கொழுப்பு அமிலமும் அயோடினும் பி12-ம் சேர்ந்தே குறைந்துவிடும் என்ற கவலை எழுந்தது. இப்போது அதே எஃப்.டி.ஏ, கர்ப்பிணிகள் பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு சுமார் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறது.

நம்ம மார்க்கெட்டில் அந்தப் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, காரப்பொடி, கிழங்கான், இறால். எல்லாமே வஞ்சிரத்தைவிட விலை குறைவு, இறால் மட்டும் சில நாள் விதிவிலக்கு. சூரையில் சின்னதாகப் பார்த்து எப்போதாவது வாங்கலாம். சுறா, மயில் மீன், கொப்பரன் ஆகியவற்றைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விட்டுவிடுவது நல்லது. மற்ற பெரியவர்கள் வாரம் ஒருமுறை சாப்பிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு நாள் சாப்பிட்டாச்சே, என்ன பண்றது?

மீத்தைல் மெர்குரி காட்மியம் மாதிரி ஆயுசுக்கும் தங்குவதில்லை. சாப்பிடுவதை நிறுத்தினால் ஏறத்தாழ 50 முதல் 70 நாளில் உடம்பில் இருப்பதில் பாதி வெளியேறிவிடும், அடுத்த அதே அளவு நாளில் மிச்சத்தில் பாதி. ஆறு மாதத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே பெரிய மீன்களைக் குறைக்கச் சொல்கிறார்கள். கர்ப்பம் உறுதியான பிறகு குறைத்தால், மூளை உருவாகத் தொடங்கும் முதல் வாரங்கள் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

தினமும் பெரிய மீன் சாப்பிடுகிறவர்கள், கை கால் மரத்துப்போவது போன்ற தொந்தரவு இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சாப்பாட்டுப் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவர் தேவை என்று நினைத்தால் ரத்தத்திலோ தலைமுடியிலோ பாதரச அளவைப் பார்க்கச் சொல்வார். முடி மாதத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் உள்ளே போனது என்பதைக்கூட அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.